லெப்டொப் அலுமாரிக்கா, பிள்ளைக்கா?



கொஞ்சம் நீளமான பதிவு. பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, மடுல்சீமைப் பக்கம் பிள்ளை படிக்க வைக்கும் பெற்றோர், பள்ளிவாசல் நிர்வாகத்தார், கோயில் பரிபாலன சபையார், பழைய மாணவர் சங்கத்தார், வெளிநாட்டிலிருந்து உதவி அனுப்பும் நம் தம்பிமார் எல்லாரும் கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தரம் 10 பிள்ளையிடம் "கணினியின் துறைகள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். தொடர் துறை, சமாந்தரத் துறை, யு.எஸ்.பி, வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ, ஆர்.ஜே.45. அடுத்து ஒரு லெப்டொப்பைக் கையில் கொடுத்து, "இதில் எச்.டி.எம்.ஐ எது? விரலை வை" என்று சொல்லுங்கள். விரல் அங்கும் இங்கும் அலையும். பிறகு பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். கரும்பலகையில் நீந்தப் படித்தவனைப் பதுளு ஓயாவில் இறக்கிவிட்ட கதைதான்.

பிள்ளை மேல் பிழை சொல்லாதீர்கள். பேப்பரில் படத்துக்குப் பெயர் எழுதினால் புள்ளி. சாமானைத் தொட்டுக் காட்டினால் புள்ளி இல்லை. அப்படியிருக்க அது ஏன் தொடப்போகிறது? தொடுவதற்குத்தான் சாமான் எங்கே?

சாமான் இருக்கிறது, அதுதான் கொடுமை. எத்தனையோ பாடசாலைகளில் அதிபர் அறை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி இருக்கிறது. கொடுத்த அன்று பெனர் கட்டினோம், மாலை போட்டோம், பத்துப் பேர் சேர்ந்து ஒரு லெப்டொப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம், பேஸ்புக்கில் போட்டோம், "மாஷா அல்லாஹ்", "வாழ்த்துக்கள்" என்று கொமன்ட் போட்டோம். அதற்குப் பிறகு அது வெளிச்சம் காண்பது பொருட் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும். எண்ணிப் பார்த்து மறுபடி பூட்டி விடுவார்கள். நாலு வருடம் சார்ஜ் ஏறாத பெட்டரி உள்ளேயே செத்துப் போகும். பிறகு "பழுது" என்று எழுதிக் கழித்து ஒதுக்குவார்கள். ஒரு பிள்ளையின் விரல் ரேகை கூடப் படாமல் பழுதாகும் சாமானுக்கு யார் பொறுப்பு? நம் மார்க்கத்தில் இதற்கு அமானிதம் என்று பெயர் இருக்கிறது. மற்ற மார்க்கங்களிலும் இதற்கு ஒரு பெயர் இருக்கும்.

"சேர், ஓட்டைக்குப் பெயர் தெரியாவிட்டால் குடியா முழுகிப் போகும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம், முழுகித்தான் போகிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அறிவித்தார்கள். ஒரு பழைய லெப்டொப் 67,500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் அது 50 நாள் சம்பளம். மழையிலும் அட்டைக் கடியிலும் 50 நாள் கொழுந்து எடுத்த காசு. அந்தத் தாய் மகனை டவுனுக்கு அனுப்புகிறாள். கடைக்காரர் "ஐ செவன் தம்பி, சூப்பர் மெஷின்" என்கிறார். எத்தனையாம் தலைமுறை என்று பையன் கேட்பதில்லை. 2011 இல் வந்த ஐ செவனை விட 2020 இல் வந்த ஐ த்ரீ நன்றாக ஓடும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தத் துளை வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு யு.எஸ்.பி செத்தது தெரிகிறது.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் லெப்டொப் சார்ஜ் ஏறவில்லை. கொண்டுபோன இடத்தில் "மதர்போட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். வேறொரு பையன் கழற்றிப் பார்த்தான். சார்ஜர் குத்தும் துளை ஆடிப்போய் இருந்தது, அவ்வளவுதான். பல லெப்டொப்புகளில் அது வயரோடு வரும் ஒரு சின்னத் தனிச் சாமான். சிலவற்றில் மட்டும் போட்டோடு ஈயம் வைத்திருக்கும். அந்தத் துளையின் பெயரும் வேலையும் தெரிந்த வீட்டில், "அண்ணே, முதலில் ஜாக்கைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். தெரியாத வீட்டில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அதனால் இன்று ராத்திரியே வீட்டில் லெப்டொப் இருந்தால் எடுத்து மேசையில் வையுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றி விரலை ஓட்டுங்கள்.

சார்ஜர் துளை: பெரும்பாலும் வட்டம். சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 19, 19.5, 20 வோல்ட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வேறு சார்ஜர் வாங்கினால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு, அல்லது அதற்குக் கூட இருக்கலாம். குறையக் கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காகக் குத்தி விடாதீர்கள்.

யு.எஸ்.பி: தட்டையான நீள்சதுரம். உள்ளே இருக்கும் நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0 வகை. பழைய 2.0 வினாடிக்கு 480 மெகாபிட் கடத்தும், 3.0 வகை 5 ஜிகாபிட். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பெரிய வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றும்போது எந்தத் துளையில் குத்துகிறோம் என்பது முக்கியம்.

டைப் சி: சின்ன முட்டை வடிவம், எப்படித் திருப்பிக் குத்தினாலும் போகும். 2014 இல் வந்தது. உருவம் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. சிலது தகவல் மட்டும் கடத்தும், சிலது சார்ஜும் ஏற்றும், சிலது திரைக்குப் படமும் அனுப்பும். பக்கத்தில் போட்டிருக்கும் சின்ன அடையாளத்தைப் பார்த்துப் பழகுங்கள்.

எச்.டி.எம்.ஐயும் வி.ஜி.ஏயும்: இரண்டும் திரைக்கும் புரொஜெக்டருக்கும். எச்.டி.எம்.ஐ சின்னது, கீழ் மூலை இரண்டும் ஒடுங்கி இருக்கும், 19 முனை. வி.ஜி.ஏ பெரியது, அநேகமாக நீலம், மூன்று வரிசையில் 15 துளை, 1987 இல் வந்த பழசு. பழைய புரொஜெக்டர்களுக்கு வி.ஜி.ஏதான் தெரியும். புது லெப்டொப்புகளில் அது கிடையாது. நடுவில் ஒரு சின்ன கன்வேட்டர் வேண்டும். அது இல்லாததால் செமினாருக்குக் கூடிய நூறு பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நெட்வர்க் துளை: எட்டு வயர் வந்து சேரும் சதுரம். பழைய டெலிபோன் துளையின் அண்ணன் மாதிரி, கொஞ்சம் அகலம்.

காற்றுத் துளை: இது துறை அல்ல. ஆனால் நம் குளிருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகள் கட்டிலில் போர்வை மேல் லெப்டொப்பை வைத்துப் படிக்கிறார்கள். அடியில் இருக்கும் காற்று வழி அடைபட்டு மெஷின் கொதிக்கிறது. ஒரு பலகையை வைத்து அதன் மேல் வையுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? ரெம் என்பது சீப்பு மாதிரி ஒரு சின்னப் பலகை. அதன் வெட்டு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். டி.டி.ஆர் 3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர் 4 போகாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி போட்டால், ஆமை மாதிரி ஊர்ந்த பழைய மெஷின் ஓட ஆரம்பிக்கும். புதுசு வாங்கும் முன் இதை யோசியுங்கள். பெட்டரி வீங்கி, விரல் தடவும் இடம் மேலே தூக்கி நின்றால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும் சாமான் அது.

பாருங்கள், இவ்வளவுதான். ஒரு பாடவேளைக்குள் நாற்பது பிள்ளைக்கும் காட்டி முடிக்கலாம். அதைச் செய்யாமல் இருக்க நாம் சொல்லும் சாட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் சாட்டு, "பிள்ளைகள் உடைத்து விடுவார்கள்." அதிபர்மாரின் பயம் பொய்ப் பயம் அல்ல. அரச சொத்து தொலைந்தால், உடைந்தால் நிதிப் பிரமாணப்படி விளக்கம் கேட்பார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் காசு அவர் சம்பளத்தில் போகும். அப்படி இருக்கும்போது எந்த மனிதன் அலுமாரியைத் திறப்பான்? அவரைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை, பயத்தைப் பங்கு போட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். பாவனைப் பதிவுக் கொப்பி ஒன்று வையுங்கள். பழுது பார்க்க ஒரு சிறு தொகையை ஊர் சேர்த்து வைக்கட்டும். இவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் திறக்காத அதிபர் இருந்தால், அப்போது கேட்போம், சத்தமாகவே கேட்போம்.

இரண்டாவது, "இப்ப எல்லாம் போன்தானே." 2021 இல் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டு மரத்தில் கட்டிய பரணில் ஏறி சிக்னல் தேடிய செய்தி உலகம் முழுக்கப் போனது. அந்தப் பிள்ளைகளின் உறுதிக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் போனில் பாடம் கேட்கலாம், கணக்காளர் வேலை பார்க்க முடியாது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013 இல் வந்துவிட்டது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த வாசலுக்கு, லெப்டொப்பைத் தொட்டுப் பழகாத பிள்ளை எந்தத் தைரியத்தில் போகும்?

மூன்றாவது, படித்தவர்கள் சொல்வது: "இனி எல்லாம் டைப் சி தான், பழைய துளைகள் எதுக்கு?" உண்மைதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லெப்டொப்புகளுக்கும் டைப் சி சார்ஜிங் கட்டாயம் என்று சட்டம். ஆனால் நம் கைக்கு வருவது எது? அங்கே பாவித்துக் கழித்தது. அவர்கள் மறந்த துளைகளோடு நாம் இன்னும் பத்து வருடம் வாழப் போகிறோம். பணக்காரன் வீட்டில் ஒரே வயர் போதும். ஏழை வீட்டுக்குத்தான் எல்லா வயரும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவதை எழுதவே கை கூசுகிறது. "பொம்பளப் புள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் எதுக்கு?" தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் விடத் தெரிந்த உம்மாமார் வளர்த்த பிள்ளைகள்தானே நாமெல்லாம்?

உதவி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு லெப்டொப் என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளில் செய்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கொடுக்காதீர்கள் என்று நான் இதைச் சொல்லவில்லை. கொடுப்பது வேறு, படிப்பிப்பது வேறு. பத்து லெப்டொப் கொடுக்கும் இடத்தில் எட்டைக் கொடுங்கள். மிச்சக் காசில் கன்வேட்டர், நல்ல மல்டி பிளக், ஒரு செட் ஸ்குரூ டிரைவர் வாங்குங்கள், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள். போட்டோவை அன்றே எடுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் போய், பிள்ளையின் கை மெஷின் மேல் இருக்கும் போட்டோவை எடுங்கள். அப்படி ஒரு போட்டோ கிடைக்காவிட்டால் உங்கள் ஸதகா எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு: ரிப்பேர் கடைகளில் செத்த லெப்டொப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெட்டரியை அவர்களிடமே கழற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளைக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி வகுப்பறையில் வையுங்கள். அது உடைந்தால் யாரும் சம்பளத்தில் வெட்டப் போவதில்லை.

பெற்றோருக்கு: லெப்டொப் வாங்கப் போகும்முன் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் இல்லாவிட்டால் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். சனிக்கிழமைகளில் வருகிறேன், காசு வேண்டாம். ஒரு பென் டிரைவும் ஒரு ஹெட்போனும் எடுத்துப் போய், எல்லாத் துளையிலும் குத்திப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணுவோம்.

கடைசியாக, இந்த வாரம் எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் எத்தனை லெப்டொப் இருக்கிறது, அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பாடசாலைப் பெயர் போடாமல், கிடைத்த பதிலை மட்டும் கீழே கொமன்ட்டில் எழுதுங்கள். யாரையும் அவமானப்படுத்த அல்ல. எத்தனை அலுமாரி திறக்க வேண்டி இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.