வானத்தை எவ்வளவு கருப்பாக்கலாம்?

இந்த வாரம் என்னைக் கடுப்பேற்றியது ஒரு தள்ளுபடி விளம்பரம். ஆன்லைனில் போட்டோ எடிட்டிங் வகுப்பு. இன்றே சேர்ந்தால், ஜவுளிக்கடையில் கட்டைப்பை தருவதுபோல, ஒரு மூட்டை ப்ரீசெட் இலவசம். தட்டினால் எந்தப் படமும் ‘சினிமா மாதிரி’ ஆகிவிடுமாம்.

ஆன்லைன் வகுப்புகளோடு எனக்குப் பகையில்லை. ஹிஸ்டோகிராமைப் படிக்கவும், மாஸ்க் போட்டு முகத்தை மட்டும் வெளிச்சமாக்கவும் அங்கேதான் கற்றேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நம் படத்திலும் அதையே செய்து பார்த்தால் நன்றாகவே மண்டையில் ஏறும். ஆனால் எந்தக் கருவி என்ன செய்யும் என்பது வரைக்கும்தான் வகுப்பு. இந்தப் படத்துக்கு அது தேவையா என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆள் எங்கே கிடைப்பார்? எங்கள் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் கிடைப்பதாகத் தெரியவில்லை. அங்கே யார் எந்த ஊர்க் கோயிலைப் போட்டாலும் பின்னால் அதே மயில்நீல ப்ரீசெட் வானம். கோபுர விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. கீழே வரிசையாக ‘சூப்பர் சார்’. கிளாரிட்டியை அளவுக்கு மீறி ஏற்றினால் வருகிற கோடு அது என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் நான் சொன்னேன். படம் போட்டவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

கோபம் தணிய, புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் ‘எக்ஸாம்பிள்ஸ்’ புத்தகத்தை எடுத்தேன். தன் 40 படங்கள் எப்படி உருவாயின என்று அவரே எழுதி 1983இல் வந்தது. அதில் நான் எப்போதும் போய் நிற்பது ஹெர்னாண்டஸ் நிலாப் படத்திடம்.

1941 நவம்பர் 1, நியூ மெக்ஸிகோ. காரில் சாண்டா ஃபே திரும்பும் வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். மலைகளுக்கு மேலே நிலா. கல்லறைச் சிலுவைகளில் அந்திவெயில். அவசரத்தில் லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலாவின் ஒளியளவு மனப்பாடமாக இருந்ததால் அதைவைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

இருந்தது ஒரே நெகட்டிவ். எடிட்டிங்கோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1948இல் நெகட்டிவின் தரைப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அங்கே கான்ட்ராஸ்ட் கூட்டினார். டார்க்ரூமில் தரையை அட்டையால் மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டி அதை இருட்டாக்கினார். ஃபோட்டோஷாப்பில் மடக்கிய கை போலிருக்கும் ‘பர்ன்’ கருவி அந்த வேலையின் வாரிசு. ஆரம்ப பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகள் தெரியும். 1970களின் பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு.

‘அவரும் வானத்தைத்தானே மாற்றினார், கோபுரக்காரர் செய்தால் மட்டும் குற்றமா?’ என்று கேட்பீர்கள். ஆடம்ஸின் கருப்பு அந்த ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் பிறந்தது. இன்னொரு படத்தில் ஒட்டினால் ஒட்டாது. ப்ரீசெட் வானம் தஞ்சாவூருக்கும் பொருந்தும், தாய்லாந்துக்கும் பொருந்தும். அதுதான் அதன் கோளாறு.

அதற்காக ஆடம்ஸுக்கும் ‘சூப்பர் சார்’ போட மாட்டேன். எனக்குப் பிடித்தது பழைய சாம்பல் வானம்தான். கருப்பு வந்ததும் அந்தி போய் நள்ளிரவு ஆகிவிடுகிறது. குழுவில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் மறுத்தார். மேகக் கீற்றுகள் இருந்தால் கண் மேலேயே அலைகிறது. வானம் இருண்ட பிறகுதான் நிலாவிலிருந்து நேரே சிலுவைகளுக்கு இறங்குகிறது என்றார். இரண்டு பிரிண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வட்டம் போட்டும் அனுப்பினார்.

அவர் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் இனி என் படங்கள் முதலில் போவது அவருக்குத்தான்.