பின்வரிசையில் நிற்பவர்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, அபிராமபுரத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பன்னிரண்டு வயது மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாயிற்படியில் அமர்ந்திருந்தான். பள்ளிக் கால்பந்து அணியில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கோல் அடிக்கும் முன்வரிசையில் அன்று, பந்தைத் தடுக்கும் பின்வரிசையில். "பேக்கில் நின்றால் என்னை யார் பார்ப்பார்கள்?" என்பது அவன் குறை. தந்தையாரோ ஒருபடி மேலே சென்று, "நாளைக்கே பள்ளிக்குப் போய் ஆசிரியரைக் கேட்கப் போகிறேன், ஐயா. என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

நாம் அச்சிறுவனை அருகில் அழைத்து, ஜர்னெய்ல் சிங் என்னும் பஞ்சாபியரின் வரலாற்றைச் சொன்னோம்.

1936இல் பிறந்த அவர், 1947இல் நாடு பிரிந்த கொடுமையைப் பதினொரு வயதில் கண்டவர். வளர்ந்து கல்கத்தாவுக்குச் சென்று, 1959 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மோகன் பகான் குழுவின் பின்வரிசையில் கோட்டைச் சுவர்போல் நின்றார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும் நம் நாட்டுக்காக ஆடினார். தடுப்பாட்டக்காரரின் தொழில் விந்தையானது. அவர் பத்து முறை பந்தைத் தடுத்தால் மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரியும் இராது. ஒருமுறை தவறவிட்டால் ஊரெல்லாம் அவர் பெயர்தான்!

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது இந்தியா. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஜர்னெய்லின் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. காயத்தோடு அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு மாற்றினார். பிறர் அடிக்கும் கோலைத் தடுத்தே பழகியவர், தென் வியட்நாமுக்கு எதிராகத் தாமே ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் அப்போட்டியில் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கம் நிறைந்த மக்கள் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். அதற்கிடையே பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னெய்ல் ஒரு கோலும் அடித்தனர். 2-1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் நமக்குக் கிட்டியது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப்பின் இந்தியா தங்கம் வென்றதே இல்லை.

"பார்த்தீர்களா! முன்னால் போனதால்தானே பெயர்?" என்றான் சிறுவன். கெட்டிக்காரன்தான்!

"அவர் முன்னால் சென்றபோது பின்னால் யார் நின்றார்கள் தெரியுமா?" என்று கேட்டோம். அருண் கோஷ், கேரளத்துச் சந்திரசேகரன், திரிலோக் சிங் ஆகியோர் நின்றனர். அவர்களுக்கும் பின்னால், கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் முதலில் முன்வரிசை ஆட்டக்காரராகவே இருந்தவர். அங்கிருந்து பின்னுக்கு வந்து கோல் காப்பாளரானார். ஆசியாவின் தலைசிறந்த காப்பாளருள் ஒருவர் என்று புகழ் பெற்றார். பின்னால் நின்றவர் முன்னே சென்றார். முன்னே நின்றவர் பின்னால் வந்தார். இருவரும் வேண்டிய இடத்தில் நின்றார்கள். பதக்கம் அனைவருக்கும் கிடைத்தது.

இறுதியாட்டத்துக்குப்பின் ஜர்னெய்ல் மீண்டும் தம் பின்வரிசைக்கே திரும்பினார். 1964இல் அருச்சுனா விருது பெற்றதும், பின்னர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியதும் தடுப்பாட்டக்காரராகத்தான். ஓய்வுக்குப்பின் பஞ்சாபில் இளைஞருக்குப் பயிற்சியளித்தார். 2000இல் மறைந்தார்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவ்வீட்டு மூத்த மகள் நமக்குக் காப்பி கொணர்ந்து வைத்தாள். உள்ளே பாட்டிக்கு மருந்து கொடுத்தாள். பிறகு ஓசையின்றித் தன் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். தம்பியின் குறையை அரைமணி நேரம் பேசிய நாம், அவளைப் பற்றி ஒரு சொல் சொன்னோமா? இல்லை. "உங்கள் வீட்டில் பின்வரிசையில் நிற்பது யார்?" என்று தந்தையாரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பெற்றோரே, கோல் அடிக்கும் பிள்ளையைக் கொண்டாடுங்கள், தவறில்லை. ஆனால் தடுத்து நிற்கும் பிள்ளையும் நம் வீட்டில்தான் இருக்கிறது. அதன் பெயரையும் நாள்தோறும் ஒருமுறையேனும் வாயாரச் சொல்லுங்கள்.

தந்தையார் மறுநாள் பள்ளிக்குச் செல்லவில்லை என்று பின்னர் அறிந்தோம். மகன் பின்வரிசையில் ஆடுகிறான். பாட்டிக்கு மருந்து கொடுக்கும் முறை, வாரத்தில் மூன்று நாள் இப்போது அவனுடையதாம்.