ஆறு கம்பிகளும் எட்டு விரல்களும்



இந்த மாதம் கோழி வளர்ப்போ தையலோ அல்ல; நான் மின் கிற்றார் பழகத் தொடங்கிய கதை. சிரிக்காதீர்கள்.

2009இல் ஷெல் பட்டு என் இடக்கையில் மோதிர விரலும் சின்னி விரலும் பாதியாகின. அன்றிலிருந்து அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தே பழகிவிட்டேன். கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணாவின் மகன் தன் கிற்றாரையும் சிறிய அம்பிளிபயரையும் என்னிடம் விட்டுச் சென்றான். "சும்மா கிடக்கிறதுதானே, நீங்கள் பழகுங்கோவன் மாமி" என்றான். பதிலுக்குக் கையைக் காட்டினேன். அவன் ரொனி அயோமியின் கதையைச் சொன்னான்.

அயோமி இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமைச் சேர்ந்தவர். 1965இல், 17 வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரரான அவர் கம்பியை அழுத்துவது அந்த வலக்கையால்தான். மனமுடைந்து கிடந்தவருக்கு மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் பாதிக்கப்பட்டவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். 1970இல் அவரது பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

மறுநாளே நானும் கிற்றாரை மடியில் வைத்தேன்.

மின் கிற்றாரின் கம்பிகள் மெல்லியவை. சாதாரணக் கிற்றாரைவிட அழுத்துவது சுகம். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் உண்டு. கம்பி அதிர, சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். அதையே அம்பிளிபயர் சத்தமாக்குகிறது. இணைக்காவிட்டால் சத்தம் மிகக் குறைவு. பிள்ளைகள் படுத்தபின்னும் பழகலாம். அம்பிளிபயருக்கு நில இணைப்புள்ள மூன்று முனைப் பிளக் அவசியம், ஈரக்கையால் தொடாதீர்கள்.

தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜீ, பி, ஈ என்று சுருதி சேர்க்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி உதவும். உலோகக் கட்டையின் மேலல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். ஈ மைனர், ஏ செவன் இரண்டையும் இரண்டே விரலால் பிடிக்கலாம். எனக்கு அது போதும். தினமும் 15 நிமிடம்; முதல் கிழமை விரல் நுனி எரிந்தது, பின்னர் தோல் தடித்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தடங்காமல் மாற இரண்டு மாதம் பிடித்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதனால் வருமானம் வராது. கடன் எடுத்துக் கிற்றார் வாங்காதீர்கள். இரவல் கிடைத்தால் பழகுங்கள்.

சென்ற ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, "அன்ரி, எந்த விரலாலை பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். சேலைத் தலைப்பைத் தேடவில்லை. கையை விரித்துக் காட்டினேன்.