இருக்கிற ஆற்றை யார் பார்ப்பது?

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று எழுபது ஆண்டுகளாகப் பேசுகிறோம். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி வடமராட்சிப் பக்கம் கொண்டுவர, நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டம் இன்னமும் மேடைகளில் உயிரோடிருக்கிறது. குடாநாட்டில் ஏற்கனவே ஓடும் வழுக்கையாற்றை நினைக்கவோ, மாரிவெள்ளம் வீட்டுப்படி ஏற வேண்டியிருக்கிறது.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஓடி அராலியில் கடனீரேரியில் விழும் பருவகால ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் பலருக்கு இது ஆறாகவே தெரிவதில்லை. குப்பை கொட்ட வாய்த்த பள்ளம், அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை இந்த ஆற்றுப்படுகையின் குளங்களிலும் வயல்களிலும் தேங்கினால்தான் வலிகாமத்துக் கிணறுகள் ஊறும். நிலத்தின் கீழ் உள்ளது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். மழைநீர் இறங்கும் அதே வழியால் மலசலகூடக் குழியின் கழிவும் தோட்டத்து யூரியாவும் கழிவெண்ணெயும் இறங்கும். அந்தக் கல் எதையும் வடிகட்டித் தருவதில்லை.

சுண்ணாகத்தில் அதைக் கண்டோம். கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பானது. பெரிய தீர்ப்புத்தான், ஆனாலும் கிணறுகள் கெட்ட பின்னர் வந்த தீர்ப்பு. நைத்திரேற்று விடயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வகுத்த எல்லையைக் குடாநாட்டின் பல கிணறுகள் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இந்த வழக்கில் பிரதிவாதிகள் நாங்கள்தான்: அளவுக்கு மேல் உரம் எறிபவர்களும், கிணற்றடியிலேயே குழி வெட்டுபவர்களும்.

ஆற்றுக்குப் பொறுப்பானவர்களோ ஏராளம். தெல்லிப்பழையில் வலிகாமம் வடக்குப் பிரதேச சபை, கந்தரோடையில் தெற்கு, சண்டிலிப்பாயிலும் நவாலியிலும் தென்மேற்கு, அராலியில் மேற்கு. குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், மாசு என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. போதாததற்கு ஆறு முடியும் பக்கத்தில், கல்லுண்டாய் வெளியில், யாழ். மாநகர சபையின் குப்பைமேடு. அது அடிக்கடி தீப்பற்றிப் புகைகிறது. நவாலி மக்கள் வீதிக்கு இறங்குகிறார்கள். பிறகு வழமைபோல் உழவு இயந்திரங்கள் குப்பையோடு வருகின்றன.

தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம்தான் 2024 ஆகஸ்டில் திறந்தாயிற்றே, இனிக் கிணற்றை ஏன் கட்டியழ வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் பெறுமதியானது, வரவேற்கிறோம். ஆனால் அது குடிக்கிற நீர். வெங்காயப் பாத்திக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இன்னொரு சிரமதானமல்ல. அரை நாள் மண்வெட்டி பிடித்துப் படமெடுத்துக் கலைந்ததால் எந்த வாய்க்காலும் நிரந்தரமாகத் திறந்ததில்லை. நான்கு பிரதேச சபைகளும், கமக்காரர் அமைப்புகளும், மாநகர சபையும் அமரும் நிலையான ஆற்றுப்படுகைக் குழு ஒன்று வேண்டும். கமக்காரருக்கு அதில் பார்வையாளர் கதிரையல்ல, வாக்கு இருக்க வேண்டும். குளத்தையும் வெள்ளவாய்க்காலையும் நிரவிக் கட்டும் மதிலுக்கு எந்தச் சபையும் அனுமதி கொடுக்கலாகாது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்த்த பின்பே கட்டட அனுமதி. பொதுக்கிணறுகளின் பரிசோதனை முடிவு கோப்புக்குள் உறங்காமல் கிணற்றடியிலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இவற்றுக்குக் கொழும்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உபவிதி இயற்றும் அதிகாரம் பிரதேச சபைகளிடமே இருக்கிறது. 2025 மே மாதம் வாக்குக் கேட்டு இதே ஒழுங்கைகளால் வந்து தெரிவான உறுப்பினர்கள், அடுத்த பாதீட்டில் வழுக்கையாற்றுக்கென ஒரு தலைப்பைத் திறக்கட்டும். கல்லுண்டாயில் குப்பை கொட்டுவது எந்தத் திகதியில் நிறுத்தப்படும் என்பதை மாநகர சபை எழுத்தில் அறிவிக்கட்டும்.