நல்ல கிடாவை விற்றால் மந்தை தேறுமா?

தாம்பரத்துக்குத் தெற்கே ஆடு வளர்க்கும் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது மேய்ச்சல் நிலம் பற்றிய பேச்சுதான். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தரிசு நிலங்கள் மனைகளாகிவிட்டன. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையமே திறந்துவிட்டார்கள். இனி ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது கடினம். இருக்கிற ஆட்டின் எடையைக் கூட்டலாம்.

அதற்கான வேலை பொத்தேரியை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் நடக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சொந்த இனமான ‘மெட்ராஸ் ரெட்’ செம்மறியை மேம்படுத்தும் திட்டம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக உதவியுடன் இங்கிருந்து நடத்தப்படுகிறது. பண்ணைக்குள் மட்டுமல்ல, விவசாயிகளின் மந்தைகளிலேயே குட்டிகளுக்கு எண் போட்டு, பிறந்த எடையிலிருந்து வளர வளர எடுக்கும் எடை வரை பதிவு செய்கிறார்கள். வேகமாக வளர்ந்த கிடாக்களைத் தேர்ந்து பொலிகிடாவாக மந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நாம் செய்வது இதற்கு நேர் எதிர். பக்ரீத் நெருங்கும்போது வியாபாரி கை வைப்பது எந்தக் கிடா மேல்? கொழுகொழுவென்று முந்தி வளர்ந்ததன் மேல். விலை படியாத நோஞ்சான்தான் கிடையில் தங்கி, அடுத்த ஆண்டு குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் ஆகிறது. ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் தரும். ஒரு கிடாவோ இருபத்தைந்து, முப்பது பெட்டைகளுக்குத் தகப்பன். அதனால் கிடாவில் வரும் குறை மந்தை முழுக்கப் பரவும்.

அதோடு, ஒரே கிடாவை நான்கைந்து ஆண்டு வைத்திருக்கிறோம். சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த பெட்டைக்குட்டி ஒன்றரை வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அப்போது தகப்பனோடே சேர்கிறது. குட்டி இறப்பும் வளர்ச்சிக் குறைவும் அங்கே தொடங்குகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றியே ஆக வேண்டும்.

ஓர் ஆராய்ச்சி நிலையம் எல்லா மந்தைக்கும் கிடா கொடுத்துவிட முடியாது. இங்கேதான் விரிவாக்கப் பணியாளர்களுக்கு வேலை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர் மந்தைகளுக்குள் கிடாவை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம், பெரிய செலவில்லை. சந்தையில் உயரமாகத் தெரிகிறதே என்று வேற்று இனக் கிடாவைப் பிடித்து வந்தால் நம் வெயிலுக்குப் பழகிய இனம் கலந்து போகும். புதுக் கிடாவை மூன்று வாரமாவது தனியே கட்டி, குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டதா என்று பார்த்தபின் மந்தையில் விடுங்கள்.

காட்டுப்பாக்கத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அங்கே போகலாம். அடுத்த பக்ரீத் விற்பனைக்கு முன் ஒரு தராசு வாங்கி ஆறு மாதக் கிடாக்களை நிறுத்துப் பாருங்கள். எடை கூடிய இரண்டின் காதில் அடையாளம் போட்டுவிட்டு, பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.