தோல்வி இல்லை, சரி, யாரோடு மோதினார்?

2017 ஆகஸ்டு 26 அன்று அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் பிளாய்டு மேவெதர் தமது 50வது குத்துச்சண்டையிலும் ஜெயித்து ஓய்வு பெற்றார். ஐம்பதுக்கு ஐம்பது! ராக்கி மார்சியானோவின் 49ஐத் தாண்டிவிட்டார், ஆகவே சரித்திரத்திலேயே தலைசிறந்த வீரர் இவர்தான் என்று டிக்கெட் விற்றவர்கள் தம்பட்டம் அடித்தார்கள்.

அந்த ஐம்பதாவது ஆள் யார்? கானர் மக்ரகர். உதைக்கவும் கட்டிப்பிடித்து உருளவும் இடமுள்ள வேறொரு வகைச் சண்டையில் பேரெடுத்தவர். தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையில் அவர் ஏறியது அன்றுதான் முதல் தடவை. மேவெதரோ 1996 முதல் அதே தொழிலில் இருப்பவர். இருபது வருஷம் தறி ஓட்டியவரையும் இன்று காலை வேலைக்குச் சேர்ந்த பையனையும் போட்டிக்கு விட்டு, ஜெயித்தவருக்கு மாலை போடுவதற்கு ஒப்பாகும் இது. மேவெதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அவர் மேல் குத்து விழவைப்பது அவ்வளவு கடினம். ஆனால் பிலிப்பைன்ஸ் வீரர் பக்கியாவோவோடு மோதுவது பற்றி 2009லேயே பேச்சு எழுந்தும், சண்டை நடந்தது 2015ல். அதற்குள் இருவருக்கும் முப்பத்தைந்து கடந்துவிட்டது.

தோற்காமல் ஓய்வு பெற்றவர் என்றதும் மயங்கிவிடக் கூடாது. யாரோடு மோதினார், எப்போது மோதினார், யாரோடு மோதாமலே இருந்துவிட்டார் என்று கேட்க வேண்டும்.

ஜேம்ஸ் ஜெப்ரீஸ் கதையைப் பாருங்கள். 1899ல் கனரக உலக சாம்பியன் ஆனார். 1905ல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். சாம்பியன் ஆவதற்கு முன் கறுப்பர்களோடும் மோதியவர்தான். பட்டம் கைக்கு வந்ததும், கறுப்பர் எவருக்கும் அதற்காக மோத இடம் தரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்றவர் ஜாக் ஜான்சன். அடிமையாய்ப் பிறந்த தந்தையின் மகன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரைச் சந்திக்காமலே ஜெப்ரீஸ் பண்ணைக்குப் போய்விட்டார். அவருடைய ஏட்டில் தோல்விக்கு நேரே பூஜ்யம் பத்திரமாக இருந்தது!

1908ல் ஜான்சன் ஆஸ்திரேலியா வரை துரத்திப்போய் டாமி பர்ன்ஸை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். நிறவெறியர்களுக்குப் பொறுக்கவில்லை. பருத்துப் போயிருந்த ஜெப்ரீஸை, வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்க வா என்று பண்ணையிலிருந்து இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜெப்ரீஸ் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அன்றிரவே பல நகரங்களில் வெள்ளை வெறிக் கும்பல்கள் கறுப்பின மக்கள் மீது பாய்ந்தன, பலர் கொல்லப்பட்டனர். தாம் நல்ல நிலையில் இருந்த காலத்திலும் ஜான்சனை ஜெயித்திருக்க முடியாது என்று ஜெப்ரீஸே பிறகு ஒப்புக்கொண்டார். அந்த மட்டில் நேர்மையானவர். 1915ல் ஜான்சன் தோற்றபின் கதவு மறுபடி சாத்தப்பட்டது. 1937ல் ஜோ லூயி வரும்வரை, 22 வருஷம், கனரகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு ஒரு கறுப்பருக்கும் கிடைக்கவில்லை. அந்த 22 வருஷத்துச் சாம்பியன்களையெல்லாம் எந்தத் தராசில் நிறுப்பது?

மார்சியானோ அப்படிப்பட்டவர் அல்ல. செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த பிராக்டன் ஊரில், அந்தத் தொழிற்சாலையொன்றில் உழைத்த இத்தாலியக் குடியேறியின் மகன். தம் காலத்தில் எதிரே நின்றவர் எவரையும் கண்டு ஒதுங்கவில்லை. ஆனால் எதிரே நின்றவர்களின் வயதைப் பாருங்கள். 1951ல் ஜோ லூயிக்கு 37. 1952ல் வால்காட்டுக்கு 38. 1955ல் ஆர்ச்சி மூருக்கு என்ன வயது என்பதில் அவருக்கும் அவரைப் பெற்ற தாய்க்குமே ஒற்றுமையில்லை; அவர் கணக்கில் 38, தாயார் கணக்கில் 41.

இதில் ஜோ லூயியின் கதை நெஞ்சை அறுப்பது. அலபாமாவில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்து, டெட்ராய்ட்டில் போர்டு கார்த் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். பன்னிரண்டு வருஷம் சாம்பியனாக இருந்து, 25 தடவை பட்டத்தைக் காத்து, 1949ல் ஓய்வு பெற்றார். யுத்த காலத்தில் இரண்டு சண்டைகளின் பணத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கே கொடுத்தவர். அந்தப் பணத்துக்கும் சேர்த்து அமெரிக்க சர்க்கார் வரி கேட்டது! கடன் கழுத்தை நெரித்தது. மேடைக்குத் திரும்பினார், மார்சியானோ கையில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். ஜெயித்தவரே அன்றிரவு அழுதார் என்பார்கள். அந்த வெற்றியும் 49ல் ஒன்று. லூயிக்கு அது தோல்விக் கணக்கில் ஒன்று. இதை வைத்து இவர் பெரியவரா அவர் பெரியவரா என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

எனக்கு மார்சியானோவிடம் பெரிதாகத் தெரிவது 49 அல்ல. வால்காட்டிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்து, புள்ளிகளில் பின்தங்கி, பதின்மூன்றாவது ரவுண்டில் ஒரே குத்தில் ஆட்டத்தைத் திருப்பினாரே, அந்த இரவுதான். எண்ணிக்கைதான் அளவு என்றால், 54 சண்டை தோற்காமல் நின்ற தாய்லாந்தின் வான்ஹெங் இருவருக்கும் மேலே அல்லவா இருக்கவேண்டும்? மிகக் குறைந்த எடைப் பிரிவுக்காரர் என்பதால் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அவரும் 2020ல் தோற்றார்.

காலத்துக்குக் காலம் ஆட்டமே வேறு. சுகர் ரே ராபின்சன் 1943க்கும் 1951க்கும் இடையில் 91 சண்டைகள் தோற்காமல் நின்றார். மேவெதர் 21 வருஷத்தில் ஆடியதே 50தான். முன்பு பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982ல் கொரிய வீரர் கிம் டுக் கூ 14வது ரவுண்டில் விழுந்து சில நாட்களில் இறந்த பிறகுதான் அது 12 ஆகக் குறைந்தது. முன்பு எட்டு எடைப் பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன். இப்போது 17க்குக் குறையாத பிரிவு, பட்டம் வழங்கும் ஸ்தாபனங்கள் நான்கு. இத்தனை பட்டங்களுக்கு நடுவில், பலசாலி ஒருவரைச் சந்திக்காமலே சாம்பியனாகக் காலம் தள்ளுவது சுலபம்.

இந்தச் சச்சரவைத் தீர்க்கிறோம் என்று சில வியாபாரிகள் 1967ல் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார்கள். முகம்மது அலியை ஜெப்ரீஸ் ஜெயிப்பார் என்று அது சொல்லிற்று! அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றதற்காகப் பட்டமும் பிழைப்பும் பறிபோயிருந்த காலம் அது. சமரசமாகி, 1969ல் அலியையும் மார்சியானோவையும் மேடையேற்றிப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். கம்ப்யூட்டருக்கும் டிக்கெட் வாங்குகிறவர் யாரென்று தெரிந்திருக்கிறது. அலி நிஜ மேடையில் 5 தடவை தோற்றவர். அதற்காக அவரை மார்சியானோவுக்குக் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் ஜெயித்த பிரேசியரும் போர்மனும் முதுமையடைந்தவர்கள் அல்ல.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சோஷலிஸ்ட் ஹங்கேரியின் லாஸ்லோ பாப் 1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் மூன்று தங்கம் வென்றவர். தொழில்முறையில் 29 சண்டை. 27 வெற்றி, 2 சமன், தோல்வி இல்லை. ஐரோப்பிய சாம்பியன். உலகப் பட்டம் அமெரிக்கர் ஜியார்டெல்லோவிடம் இருந்தது. பாப் மோதத் தயாராக நின்றார். பணத்துக்குச் சண்டையிடுவது சோஷலிசத்துக்குப் பொருந்தாது என்று 1965ல் ஹங்கேரி சர்க்கார் அனுமதியை ரத்து செய்துவிட்டது. முன்பே அனுமதித்து, ஐரோப்பிய வெற்றிகளைக் கொண்டாடிவிட்டு, கடைசிப் படியில் கையைப் பிடித்து இழுத்தது அநியாயம் என்பதே என் கருத்து. போய்த் தோற்றிருந்தாலும் பாப் குறைந்திருக்க மாட்டார். 2001ல் குத்துச்சண்டையின் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தார்கள். 2003ல் காலமானார். ஜியார்டெல்லோவோடு அவர் மோதவே இல்லை.