சோறு போடும் பள்ளி, சோற்றைப் பற்றியும் சொல்லித் தரட்டும்



தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தை காலை, மதியம் இரு வேளையும் பள்ளியிலேயே சாப்பிடுகிறது. 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் முளைவிட்ட மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலத் திட்டமாகி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. பிறகு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. எந்த ஆட்சி வந்தாலும் கைவிடப்படாத பெருமைக்குரிய ஏற்பாடு இது.

ஆனால் தட்டில் இருப்பது எங்கே விளைந்தது, உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அந்தக் குழந்தைக்குச் சொல்ல ஒரு பாடவேளைகூட இல்லை. சத்துணவுக் கூடமும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடக்கின்றன. மாவுச்சத்து, புரதம், வைட்டமின் என்பவை தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பெயர்களாக நின்றுவிடுகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் அது 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். எலும்பு வளரும் வயதில் தெரிய வேண்டிய செய்தி இது. வேளாண் அறிவியல் தனிப் பாடமாக வருவதோ மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில்தான். கீரையை ஒதுக்கும் பழக்கம் அதற்குப் பத்து ஆண்டு முன்பே படிந்துவிடுகிறது.

வழி தெரியாமல் இந்த நிலை வரவில்லை. பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட்டு, விளைவதை மதிய உணவில் சேர்க்கச் சொல்லும் நெறிமுறைகளை மத்திய அரசு 2019இலேயே வெளியிட்டது. நிலமில்லாத நகரப் பள்ளிகளில் மொட்டை மாடியிலும் தொட்டியிலும் வளர்க்கலாம் என்றும் அவை கூறுகின்றன. பல பள்ளிகளில் தோட்டம் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை மட்டுமே நம்பி நிற்கிறது; அவர் மாறுதலில் போனால் பாத்தி காய்ந்துவிடுகிறது. இத்தனைக்கும் சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். முருங்கைப் போத்து ஒன்றை நட்டால் பல ஆண்டுக்குக் கீரை கிடைக்கும். தட்டும் கையும் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினால் நாலு வாழை தானாக வளரும். விதைப்பு முதல் பறிப்பு வரை ஒரே பருவத்துக்குள் பிள்ளைகள் பார்த்துவிடலாம். தான் தண்ணீர் ஊற்றிய கீரையைக் குழந்தை விரும்பிச் சாப்பிடும்.

பள்ளி வாசலிலும் இதே அலட்சியம்தான். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களைப் பார்த்தால், அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றும். கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்தப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி கற்றுத் தரவில்லை.

ஜப்பான் 2005இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் இயற்றி, பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர்களையும் அமர்த்தத் தொடங்கியது. அங்கே பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். சத்துணவுக் கூடமும் சமையலரும் ஏற்கெனவே உள்ள தமிழ்நாட்டுக்கு இது எட்டாத ஏற்பாடல்ல. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையைத் தோட்டத்துக்கும் உணவுக்கும் ஒதுக்கி, வரும் கல்வியாண்டுக் கால அட்டவணையிலேயே பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும். விதையும் நாற்றும் தோட்டக்கலைத் துறை தரட்டும். 50 மீட்டர் விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் அந்த ஆணையிலேயே எழுத வேண்டும்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி